பாயிண்ட் டூ டூவா, த்ரீ நாட் த்ரீயா? காலிபர் பற்றி ஓர் எளிய அறிமுகம்

கல்லூரியில் படிக்கும்போது என்.சி.சி. முகாமில்தான் முதன்முதலில் துப்பாக்கியைத் தொட்டேன். .22 ரைஃபிள். 'பாயிண்ட் டூ டூ' என்போம். குப்புறப் படுத்து, 25 கஜம் தள்ளி நட்டு வைத்த அட்டையில் ஐந்து தோட்டா சுட வேண்டும். சுட்டு முடித்ததும் ஐந்து காலி உறைகளையும் புல்லுக்குள் தேடி எடுத்து, எண்ணி ஒப்படைத்தால்தான் எழுந்து போக விடுவார்கள். ஒன்று குறைந்தால் மொத்தக் கூட்டமும் மண்ணைத் துழாவ வேண்டியதுதான். அப்படித் தேடி எடுக்கும் உறை சுண்டுவிரலின் ஒரு கணு நீளம்கூட இருக்காது.

அடுத்த ஆண்டு பெரிய முகாம் ஒன்றில் ஹவில்தார் ஒருவர் உள்ளங்கையில் இரண்டு தோட்டாக்களை வைத்துக் காட்டினார். ஒன்று எங்களுக்குப் பழக்கமான .22. இன்னொன்று ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளுக்கான 5.56 மி.மீ. தோட்டா. "இதுல எது பெருசு?" என்றார். இதில் என்ன சந்தேகம்? எல்லோரும் இன்சாஸ் தோட்டாவைக் காட்டினோம். அவர் சிரித்துவிட்டு, இரண்டையும் மூக்கோடு மூக்காகச் சேர்த்துப் பிடித்தார். "இப்பப் பாரு. குண்டு ரெண்டும் ஒரே தடிமன்."

உண்மைதான். இரண்டிலும் பறக்கும் குண்டின் குறுக்களவு ஏறக்குறைய 5.7 மி.மீ. ஆனால் .22 குண்டு குழலின் வாயை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் சுமார் 140 ஜூல். இன்சாஸ் குண்டுக்குச் சுமார் 1,700 ஜூல். பன்னிரண்டு மடங்கு! காலிபர் என்ற எண்ணை மட்டும் பார்த்து ஒரு துப்பாக்கியை எடைபோட முடியாது என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம்.

தோட்டா என்பது ஒரு பொட்டலம். முன்னால் ஈயக் குண்டு, அதன் பின்னால் வெடிமருந்து, அடியில் தட்டினால் பொறி கிளப்பும் பிரைமர், இவற்றையெல்லாம் சேர்த்துப் பிடிக்கும் பித்தளை உறை. பேச்சில் எல்லாவற்றையும் 'குண்டு' என்று சொல்லிவிடுகிறோம். பறப்பது குண்டு மட்டும்தான். உறை சுட்டவரின் காலடியிலேயே விழுந்துவிடும், அல்லது ரிவால்வருக்குள்ளேயே கிடக்கும்.

காலிபர் என்பது அந்தக் குண்டு போகும் குழலின் உள்விட்டம். அமெரிக்காவும் பிரிட்டனும் அதை அங்குலத்தில் சொல்லிப் பழகின. ஐரோப்பாவின் மற்ற நாடுகள் மில்லிமீட்டரில் சொல்கின்றன. .22 என்றால் அங்குலத்தில் நூற்றில் 22 பங்கு. 25.4ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர் வந்துவிடும். .30 அங்குலம் சரியாக 7.62 மி.மீ. .50 அங்குலம் 12.7 மி.மீ. செய்திகளில் அடிக்கடி காதில் விழும் 7.62 என்ற விசித்திர எண் இப்படித்தான் பிறந்தது.

இதுவரை கணக்கு நேராக இருக்கிறது. இனிமேல்தான் கோணல்.

ரைஃபிள் குழலின் உட்சுவரில் திருகாணி மரைபோல வரிகள் வெட்டியிருப்பார்கள். குண்டு அந்த மரையில் சிக்கிச் சுழன்றுகொண்டே வெளியேறும். சுழல்வதால்தான் பம்பரம்போல நிலைகுலையாமல் பறக்கிறது. மரை என்றால் மேடும் பள்ளமும் உண்டு. விட்டத்தை எங்கே அளப்பது? 'த்ரீ நாட் த்ரீ' என்று சொல்கிறோமே, அந்த .303 என்ற பெயர் மேட்டிலிருந்து மேட்டுக்கு அளந்து வைத்தது. அதில் போகும் குண்டின் விட்டம் .311 அங்குலத்தை ஒட்டி இருக்கும். .308 என்ற பெயர் பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு அளந்தது. .38 ஸ்பெஷல் ரிவால்வர் இதைவிட மோசம். அதன் குண்டு .38 அங்குலமே கிடையாது, .357தான். ஒரு காலத்தில் குண்டும் உறையும் ஒரே தடிமனில் இருந்தன. பிறகு குண்டு உறைக்குள் அடங்குமாறு மாற்றியதில் அது இளைத்துப்போனது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆயிரம் விளக்குப் பகுதிக்குப் போய் விளக்கை எண்ணிப் பார்க்கிறோமா என்ன?

12 போர் கதை தனி. போர் என்றால் யுத்தம் இல்லை, ஆங்கிலத்தில் 'bore', குழலின் துளை. வங்கி வாசலில் காவலாளி தோளில் மாட்டியிருப்பாரே, இரட்டைக் குழல் துப்பாக்கி, பெரும்பாலும் அதுதான். இங்கே 12 என்பது அங்குலமும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் ஈயத்தைச் சமமாகப் பன்னிரண்டு உருண்டைகள் பிடித்தால், ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் கச்சிதமாகப் பொருந்துமோ அது 12 போர். விட்டம் 18.5 மி.மீ. இருபது உருண்டைகள் பிடித்தால் ஒவ்வொன்றும் சிறுத்துவிடும். அதனால் 20 போர் குழல் 15.6 மி.மீ.தான். எண் கூடினால் குழல் குறுகும்.

ஹவில்தாரின் கேள்விக்குத் திரும்புவோம். தடிமன் ஒன்றாக இருந்தும் ஆற்றல் ஏன் பன்னிரண்டு மடங்கு? உறையைப் பாருங்கள். .22இன் உறை 15.6 மி.மீ. நீளம். இன்சாஸ் தோட்டாவின் உறை 45 மி.மீ. மருந்து பல மடங்கு அதிகம். .22 குண்டு 2.6 கிராம், வினாடிக்குச் சுமார் 330 மீட்டர் போகும். மற்றது 4 கிராம், வினாடிக்கு 900 மீட்டரைத் தாண்டும். பள்ளிக்கூட இயற்பியல்தான்: எடை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும், வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 5.56 என்று நிறுத்தாமல் 5.56×45 என்று முழுதாகச் சொல்கிறார்கள். முதல் எண் காலிபருக்கு, இரண்டாவது உறையின் நீளத்துக்கு. என்னைக் கேட்டால் அந்த இரண்டாவது எண்தான் அதிக விஷயம் சொல்கிறது.

ஆற்றல் இலவசமாக வருவதில்லை. குண்டு முன்னால் போகிற வேகத்துக்கு ஏற்பத் துப்பாக்கி பின்னால் உதைக்கும். .22இல் அந்த உதையே தெரியாது. அதே முகாமில், இன்சாஸுக்கு முன் ராணுவம் வைத்திருந்த எஸ்.எல்.ஆர். ரைஃபிளைச் சுடும் வாய்ப்பும் கிடைத்தது. 7.62×51 தோட்டா, 3,000 ஜூலுக்கு மேல். தோளோடு அழுத்திப் பிடிக்காமல் கொஞ்சம் இடைவெளி விட்டது என் தப்பு. மூன்று நாள் தோளில் நீலம் பாரித்துக் கிடந்தது. அதைவிடக் கேவலம் அட்டையில் இருந்தது. முதல் தோட்டா மட்டும் வட்டத்துக்குள். மற்றவை எங்கெங்கோ. அடி விழப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், விசையை இழுப்பதற்கு ஒரு கணம் முன்பே கண் மூடும், தோள் சுருங்கும். எந்தக் காலிபரைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தச் சுருக்கத்தையும் கணக்கில் வைத்தே ஆக வேண்டும்.

இனி, எந்த வேலைக்கு எது?

காகிதத்தில் ஓட்டை போடுவதுதான் வேலை என்றால், மிகச் சிறியதே மிகச் சிறந்தது. ஒலிம்பிக் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளின் காலிபர் 4.5 மி.மீ. அதன் குண்டான பெல்லட் அரை கிராம் இருக்கும். மருந்தே கிடையாது, அழுத்திய காற்றுதான் தள்ளுகிறது. ஆற்றல் ஏழெட்டு ஜூல். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் குவிப்பதும் இதில்தான். அந்த இலக்கின் நடுப்புள்ளி, அதாவது பத்து மதிப்பெண் புள்ளி, 0.5 மி.மீ. பெல்லட்டின் தடிமனில் ஒன்பதில் ஒரு பங்கு! பேனா முனையால் தொட்டு வைத்த புள்ளி மாதிரி இருக்கும். இந்த வேலைக்குத் தேவை உதை இல்லாமை, ஒரே சீரான வேகம், ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் சுட்டாலும் கைக்கும் பைக்கும் கட்டுப்படியாவது. பெல்லட்டின் மூக்கு தட்டையாக இருப்பதும் காரணத்தோடுதான். கூர்மூக்கு காகிதத்தைக் கிழித்துவிடும். தட்டைமூக்கு பஞ்ச் மெஷின்போல வட்டமாக வெட்டிவிட்டுப் போகும்.

தூரம் 50 மீட்டரானால் .22. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற போட்டி இது. போட்டிக்கான .22 தோட்டாவை வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கீழே ஓடும்படி செய்கிறார்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டு மறுபடி அதற்குக் கீழே இறங்கும்போது குண்டு கொஞ்சம் தடுமாறும். அந்தத் தடுமாற்றமே வேண்டாம் என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். 'வேகம் கூடினால் நல்லது' என்பதும் எல்லா இடத்திலும் செல்லாது பாருங்கள். பெரிய வீரர்கள் ஒரே ஆலையின் ஒரே ரகத் தோட்டாவில்கூட எந்தத் தொகுதி தங்கள் துப்பாக்கிக்கு ஒத்துப்போகிறது என்று சுட்டுச் சோதித்துத்தான் வாங்குவார்கள்.

பறக்கும் களிமண் தட்டைச் சுடுவது வேறு கதை. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் ஆடும் டிராப் போட்டி அது. ஒற்றைக் குண்டால் அதை அடிப்பது குதிரைக்கொம்பு. அதனால் 12 போர். ஒரு தோட்டாவுக்குள் 24 கிராம் சிறு ஈய ரவைகள், அதற்கு மேல் விதி அனுமதிக்காது. மழைபோல விரிந்து போய்த் தட்டை உடைக்கும்.

வேட்டை நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு கிட்டத்தட்ட முடிந்தது. அனுமதி உள்ள நாடுகளில் அங்கே கேட்கும் முதல் கேள்வி, 'விலங்கு துடிக்காமல் சாகுமா' என்பது. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் இதை எண்ணாகவே எழுதி வைத்திருக்கிறது. பெரிய மான்களைச் சுடும் ரைஃபிள் .240க்குக் குறையக் கூடாது, ஆற்றல் 2,305 ஜூலுக்குக் குறையக் கூடாது. காலிபரை மட்டும் எழுதியிருந்தால் தடித்த குண்டைக் குறைந்த மருந்தில் சுட்டு ஏமாற்றலாம். ஆற்றலை மட்டும் எழுதியிருந்தால் மெல்லிய குண்டை அதிவேகத்தில் சுடலாம். இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். முயலுக்கு .22 போதும். அதே .22ஆல் மானைச் சுட்டால் அது காயத்தோடு ஓடிப்போய் எங்கோ புதரில் கிடந்து சாகும்.

யானை, காட்டெருமை போன்றவற்றுக்கு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் .375தான் கீழ் எல்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல் என்ற ஸ்காட்லாந்து வேட்டைக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். பெரும்பாலும் 7 மி.மீ. மவுசர் தோட்டாவால். இன்றைக்குக் கேட்கவே சங்கடமான கணக்கு. அவர் ஒரு யானை மண்டையோட்டை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் குண்டு போக வேண்டும் என்று படித்தவர். குண்டும் உள்ளே போய் நசுங்காத, நீண்ட, கெட்டியான குண்டு. இதே தோட்டாவுக்கு லண்டனில் .275 ரிக்பி என்று பெயர். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்த ரைஃபிள் அதற்கானதுதான். பெயர் இரண்டு, தோட்டா ஒன்று. இதைப் பார்த்து 'சின்ன காலிபரே போதும்' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பெல்லின் கை எல்லோருக்கும் வாய்க்காது. சட்டம் எழுதுபவர்கள் சராசரிக் கையை நினைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

போலீஸ் கைத்துப்பாக்கியில் '9 மி.மீ.யா, .45ஆ' என்ற சண்டை அமெரிக்காவில் நூறு வருடமாக நடக்கிறது. .45இன் குண்டு சுமார் 15 கிராம், மெதுவாகப் போகும். 9 மி.மீ. குண்டு சுமார் 8 கிராம், வேகமாகப் போகும். கணக்குப் போட்டால் இரண்டுமே 500 ஜூலை ஒட்டித்தான் வருகின்றன! 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்.பி.ஐ.க்கும் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. தொடக்கத்திலேயே ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 மி.மீ. குண்டு, இதயத்தைத் தொடாமல் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். எஃப்.பி.ஐ.காரர்கள் இருவர் இறந்தார்கள். குண்டுதான் காரணம் என்று முடிவு செய்து, 10 மி.மீ.க்கு மாறினார்கள். உதை தாங்கவில்லை. மருந்தைக் குறைத்தார்கள். குறைந்த மருந்துக்கு இவ்வளவு நீள உறை எதற்கு என்று உறையை வெட்டிக் குட்டையாக்கியதில் 1990இல் .40 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) தோட்டா பிறந்தது. நாடு முழுக்கப் போலீஸ் துறைகள் அதை வாங்கின. கடைசியில் 2010களின் நடுவில் எஃப்.பி.ஐ. திரும்பி வந்து நின்ற இடம், அதே 9 மி.மீ.! இடையில் குண்டு செய்யும் நுட்பம் வளர்ந்துவிட்டது. தேவையான ஆழத்துக்கு 9 மி.மீ.யும் போய்விடுகிறது. அப்படியானால் உதை குறைந்தது, ஒரு மேகசினில் அதிகத் தோட்டா பிடிப்பது, புதிதாகச் சேர்ந்தவருக்கும் இலக்கில் படுவது என்று பார்த்தால் அதுவே மேல். சுற்றிச் சுற்றி வந்து பழைய வீட்டுக்கே வாடகைக்குக் குடிபோன கதைதான்.

ராணுவத்திலும் இதே ஊசலாட்டம் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்து ரைஃபிள்கள் ஆயிரம் மீட்டருக்கு அப்பாலும் கொல்லும். ஆனால் சண்டைகளில் பெரும்பாலானவை முந்நூறு மீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன என்று இரண்டாம் உலகப் போரில் புரிந்தது. எட்டாத தூரத்துக்கான மருந்தை எதற்குச் சுமக்க வேண்டும்? ஒரு 7.62×51 தோட்டா சுமார் 24 கிராம். 5.56×45 அதில் பாதி. அதே எடைக்கு இரண்டு மடங்கு தோட்டா கொண்டுபோகலாம். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கா 5.56க்கு மாறியது. நாமும் எஸ்.எல்.ஆரை விட்டு 1990களில் இன்சாஸுக்கு வந்தோம். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் இன்சாஸ் செய்தார்கள். அப்புறம் எல்லைப் பகுதிச் சண்டைகளில் ஒரே குண்டில் எதிரி விழ வேண்டும் என்ற எண்ணம் திரும்ப வந்தது. 2019இல் 72,400 சிக் 716 ரைஃபிள்கள் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். அதன் தோட்டா மறுபடியும் 7.62×51. உத்தரப்பிரதேசத்தின் அமேட்டி மாவட்டத்தில் ஏ.கே.-203 செய்ய ஏற்பாடானது. அதுவும் 7.62தான், ஆனால் 7.62×39! உறை குட்டை, ஆற்றல் 2,000 ஜூல் அளவில். ஒரே ராணுவத்தில் இரண்டு 7.62 தோட்டாக்கள், ஒன்று மற்றதில் பொருந்தாது. செய்தித்தாள் '7.62 மி.மீ.' என்று மட்டும் எழுதினால் எதைச் சொல்கிறது என்று நமக்குத் தெரியாது.

இந்தியாவில் பொதுமக்களைப் பொறுத்தவரை காலிபரைத் தேர்ந்தெடுப்பது சட்டம்தான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் கிடைத்தாலும் படையினரின் தோட்டாவைச் சுடக்கூடிய துப்பாக்கிகள் 'தடைசெய்யப்பட்ட போர்'. .303, 7.62, படையினரின் 9 மி.மீ. எல்லாம் அதில் அடக்கம். இது வெள்ளைக்காரன் காலத்துப் பயத்தின் எச்சம். ராணுவத்தின் .303 தோட்டா மக்கள் கைக்குப் போய்விட்டால், பிறகு கலகக்காரனுக்குத் தோட்டா பஞ்சமே இருக்காதே! அதனால் மக்களுக்கென்று வேறு தோட்டா வந்தது. ஆஸ்திரியாவின் 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாவை .315 என்ற பெயரில் புழங்க விட்டார்கள். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை அந்த .315 ரைஃபிளைப் பிற்காலத்திலும் செய்து விற்றது. .303க்கும் .315க்கும் ஆற்றலில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசமெல்லாம் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் இருப்பது உங்களிடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் காரணம். தற்காப்புக்கென்று உரிமம் வாங்குபவர்களிடம் .32 ரிவால்வர் அதிகம் காணப்படுவதும் அது நல்லது என்பதற்காக அல்ல, வாங்க முடிகிற பட்டியலில் அது இருப்பதால்.

கடைசியாக ஒன்று, இது வெறும் பெயர்க் குழப்பத்தோடு நிற்காத விஷயம். .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டுச் சுடலாம், தடிமன் ஒன்றுதான். எதிர்மாறாகச் செய்யக் கூடாது. மேக்னத்தின் மருந்து வேகத்தை .38 ரிவால்வர் தாங்காது. அதற்காகவே மேக்னம் உறையைக் கொஞ்சம் நீளமாகச் செய்து, .38இல் நுழையாதபடி வைத்தார்கள். 12 போரில் அப்படி ஒரு தடுப்பு இல்லை. 20 போர் தோட்டா ஒன்று தவறிப்போய் 12 போர் குழலில் விழுந்தால், பின்பக்கம் நிற்காமல் உள்ளே வழுக்கிப் போய், தோட்டா அறையைத் தாண்டிக் குழல் குறுகும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். வெளியே பார்த்தால் துப்பாக்கி காலி. சுடுபவர் 'போட மறந்துவிட்டோம் போல' என்று ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டு விசையை இழுப்பார். அடைத்த குழல் அவர் இடது கை பிடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும். இதனால்தான் குழலின் பக்கவாட்டில் காலிபரைப் பொறித்திருக்கிறார்கள், தோட்டாவின் அடிப்பக்கத்திலும் பொறித்திருக்கிறார்கள். எழுத்தைப் படிக்க நேரமில்லாத கைகளுக்காக 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள்.